கண்ணாடிக் கைபிடி

பொழுது பட்டுட்டுது... முழுசா இருளல்ல. உன்னிச்சையில இருந்து வாவிக்கு இஞ்சால எழுவான்கரைக்கு வாற றோட்டு. ரெண்டு பக்கமும் வயல் வட்டை. வெட்டு முடிஞ்சு வைக்கோல் மட்டும் கிடக்கு. ஒரு சைக்கிள் இல்ல. ஒரு மாட்டு வண்டில் இல்ல. அந்த றோட்டுல ஒரு பழைய ஒஸ்டின் கார் மட்டும் தனிய வருது...

பொறுங்க. அந்தப் பெற்றோமாக்ஸை ஒள்ளுப்பம் குறைங்க. வெளிச்சத்தில சொல்ற கதை இல்ல இது.

நானாச் சொல்ல வரல்ல. விடிஞ்சாக் கலியாணம், கலியாண வீட்டுல சொல்ற கதையும் இல்ல. நீங்கதான் கேட்டீங்க. "சாமித்தம்பி மாமா, பொம்பிளை போற மொறிஸ் மைனர்ல பின்கதவுக்குக் கண்ணாடி இறக்கிற கைபிடி இல்லயே, என்ன செய்யிற?" எண்டு. காருக்கு றிபன் கட்ட வந்தவன் றிபனைக் கட்டிட்டுப் போகாமக் கேள்வி கேட்டா இப்பிடித்தான். ஊரடங்கு. விடியும்வரைக்கும் ஒருத்தரும் வீட்ட போகேலா. கரண்டும் இல்ல, மழையும் விடுறதாத் தெரியல்ல. கிட்ட வாங்க. பொம்பிளைப் பிள்ளையளை எழுப்பாதீங்க.

இது ஆரோ எவரோட கதை இல்ல. என்ட கூட்டாளி வினாயகமூர்த்திட தங்கச்சிக்கு நடந்தது. தங்கச்சிட பேர் அன்னப்பூரணி. அவட புருசன் அழகரத்தினம். இஞ்ச நாவற்குடாவிலதான் இருந்தவங்க. அழகரத்தினம் அந்த ஒஸ்டினை வச்சு வாடகைக்கு ஹயர் ஓடினவர். வினாயகமூர்த்தி பொய் சொல்ற ஆள் இல்ல. சீட்டு விளையாடக்குள்ள மட்டும் சொல்லுவான், அது வேற.

ஊசி போற இடம் பாக்கிறவன் உலக்கை போற இடம் பாக்க மாட்டான் எண்டு சொல்லுவாங்க. அழகரத்தினம் அதுக்கு மறுவளம். உலக்கையைப் பாப்பார், ஊசியைப் பாக்க மாட்டார். இஞ்சினைக் கேட்டா, பக்கத்தில நிண்டாலும் சத்தம் கேக்காது. வெளியால பாத்தா முகம் பாக்கலாம், அப்பிடி மினுக்கி வச்சிருப்பார். ஆனா உள்ளுக்க ஏறி இருங்க... எல்லாம் சின்னச் சின்ன வருத்தம். முன்சீட்டுல ஒரு பக்கம் ஸ்பிறிங் செத்துட்டுது. இருந்தா கிணத்துக்க இறங்கின மாதிரி. கூரையில இருக்கிற லைற்றுக்கு ரெண்டு அடி போட்டாத்தான் எரியும். ட்ரைவர் சீட்டுக்குக் கீழ றெக்சின் கிழிஞ்சு தும்பு தொங்கும். அதுக்குப் புறகு இந்தக் கைபிடி.

நாலு கதவுக்கும் நாலு கைபிடி இருக்கவேணும். கைபிடிக்கு உள்ளுக்க இருக்கிற பல்லுத் தேஞ்சு, மூண்டு கைபிடி சும்மா சுத்தும், கண்ணாடி அசையாது. ஒண்டுதான் பிடிக்கும். அந்த ஒண்டைக் கழட்டிச் சட்டைப் பையில வச்சிருப்பார். ஆருக்குக் காத்து வேணுமோ, அவர் பின்னால இருந்து ட்ரைவர்ட தோளில ரெண்டு விரலால தட்டவேணும். இவர் திரும்பாமலே கையைப் பின்னால நீட்டுவார். அவங்க கொழுவி, சுத்தி, கண்ணாடியை இறக்கிப்போட்டுக் கைபிடியைத் திருப்பி அவர்ட கையில வைக்கிறது. நாவற்குடாவில இருந்து கல்குடா வரைக்கும் அந்தக் காரில ஏறின எல்லாருக்கும் இது தெரியும். நானும் தட்டியிருக்கன்.

அன்னப்பூரணி சொல்லிச் சொல்லிப் பாத்தா. "காத்தான்குடியில மெக்கானிக் சரீப் காக்காட்டக் குடுத்தா ஒரு நாள் வேலை. எல்லாத்தையும் செஞ்சு தருவார்." இவர் சிரிப்பார். "ஓடுற காருக்கு என்ன குறை புள்ள? அடுத்த கிழமை பாப்பம்." அடுத்த கிழமை... அடுத்த கிழமை... எங்கட ஆம்பிளையளுக்கு அடுத்த கிழமை மாதிரி ஒரு கிழமை வேற இல்ல.

உன்னிச்சையில அன்னப்பூரணிக்குச் சீதனமா வந்த காணி இருந்தது. அந்த வருசம் நல்ல விளைச்சல். வெட்டு முடிஞ்சு, வீட்டுக்குப் புதுநெல்லு ஒரு மூடை கட்டிக்கொண்டு வாறாங்க. முன்சீட்டுலதான் ஸ்பிறிங் இல்லயே... மூடையை அங்க வச்சிட்டு அவ பின்னுக்கு ஏறினா. புருசனுக்குப் பக்கத்தில இருந்து வரவேண்டியவ. நெல்லுதான் பக்கத்தில இருந்து வந்தது.

கார் முழுக்கப் புதுநெல்லு மணம். அவ ஏதோ கதைச்சுக்கொண்டு வந்தாவாம். வீட்டுக்குப் போய் முதல்ல என்ன சமைக்கிறது எண்டு.

வாவிக்கு அங்கால, படுவான்கரை முடியுற இடத்தில ஒரு சென்றி, துவக்கோட காவல். ஆர்ட சென்றி எண்டு கேக்காதீங்க. அந்த நேரம் அது கேக்கிற கேள்வி இல்ல, இப்பவும் இல்ல. சட்டம் உங்களுக்குத் தெரியும். தூரத்தில நிப்பாட்டவேணும். முன்லைற்றை அணைக்கவேணும். உள் லைற்றைப் போடவேணும். எல்லாக் கண்ணாடியையும் இறக்கவேணும். உள்ளுக்க இருக்கிறவங்க அசையாம இருக்கவேணும்.

அழகரத்தினம் நிப்பாட்டினார். முன்லைற்றை அணைச்சார். கூரையில ஒரு அடி... எரியல்ல. இன்னொரு அடி... எரியல்ல. அங்கால இருந்து சத்தம் போடுறாங்க. இவர் அவசரமாத் தன்ட கண்ணாடியை இறக்கி, கைபிடியைக் கழட்டிப் பின்னால நீட்டினார். அவட விரல் பட்டது. கைபிடி வழுக்கினது.

"விழுந்திட்டு... இருங்க" எண்டா.

குனிஞ்சா.

இருட்டுக் காருக்க ஒரு ஆள் பட்டெண்டு குனிஞ்சா, தூரத்தில துவக்கோட நிக்கிறவனுக்கு என்ன தெரியும்? புருசன்ட கையில இருந்து விழுந்த கைபிடியை எடுக்கிறா எண்டா தெரியும்?

ஒரு வெடிதான். முன்கண்ணாடி கொட்டுண்ட சத்தம்... அதுக்குப் புறகு ஒண்டும் இல்ல. அந்த அதிர்ச்சியிலதான் கூரை லைற் எரிஞ்சது. இவ்வளவு நேரம் எரியாத லைற். இவர் திரும்பிப் பாத்தார். அவ குனிஞ்சபடியே இருந்தா. ஒரு கை சீட்டுக்குக் கீழ நீட்டினபடி.

...

கொஞ்சம் தேத்தண்ணி தாங்க.

எடுத்தாச்சு, எரிச்சாச்சு, முப்பத்தொண்டாம் நாள் கிரியையும் முடிஞ்சுது. காரைக் கழுவினாங்க. கைபிடி இல்ல. பாயைத் தூக்கிப் பாத்தாங்க, சீட்டைத் தூக்கிப் பாத்தாங்க... இல்ல. மறுகா அழகரத்தினம் காரை நேர காத்தான்குடிக்குக் கொண்டுபோனார். "எல்லாத்தையும் செய்யுங்க காக்கா" எண்டு சொல்லிப்போட்டு வாசலில குந்திட்டார்.

சரீப் காக்காவுக்குக் கதை தெரியும். முன்சீட்டுக்குப் புது ஸ்பிறிங் கட்டினார். கூரை லைற்றுக்குப் புது சுவிச். பித்தளையில பல்லு அராவி, நாலு கதவுக்கும் நாலு கைபிடி. ஒரு விரலால சுத்தலாம், வெண்ணெய் மாதிரி இறங்கும். பாத்தவங்க எல்லாம் நல்ல வேலை எண்டாங்க. எனக்கு அதைப் பாக்கவே பிடிக்கல்ல, உண்மையைச் சொல்றன். மனிசி கேக்கக்குள்ள செய்யாத வேலையை, மனிசி போனாப்போல செஞ்சு என்ன, செய்யாம என்ன.

ஒரு கதவு மட்டும் சரிவரல்ல. பின்னுக்கு இடப்பக்கம். அன்னப்பூரணி இருந்த பக்கம். காலையில பூட்டின கைபிடி பின்னேரம் சும்மா சுத்தும். கழட்டிப் பாத்தா, உள்ளுக்குப் பல்லு வழுவழு எண்டு தேஞ்சு கிடக்கும். வருசக்கணக்கா ஆரோ சுத்தின மாதிரி. சரீப் காக்கா திரும்பவும் அராவிப் போட்டார். திரும்பவும் அதே கதை. கடைசியில அவர் அந்தக் கதவைத் தொடுறதை விட்டுட்டார். "அந்தக் கதவு என்ட வேலைய எடுக்குதில்ல தம்பி" எண்டு மட்டும் சொன்னார்.

பிறகுதான் ஆக்கள் கதைக்கத் தொடங்கினாங்க.

முதல்ல கந்தப்போடி. வட்டைக்குப் போயிட்டுப் பொழுது படுற நேரம் பின்சீட்டுல வந்திருக்கார். பாதி வழியில ரெண்டு காலையும் சீட்டுக்கு மேல தூக்கிச் சம்மணம் கட்டிட்டார். போடியார் பெரிய உடம்பு... அந்த உடம்போட சம்மணம் கட்டி, இறங்கும்வரைக்கும் காலைக் கீழ வைக்கல்ல. சிரிக்காதீங்க. இறங்கினாப்போல வினாயகமூர்த்தியைத் தனியக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பாம்பெண்டு நினைச்சன் மனே. பாம்பில்ல. கை. காலடியில தடவித் தடவி வருது... என்ட கால் விரலைப் பிடிச்சுப் பாக்குது... இது இல்ல எண்டு விட்டுட்டு அங்கால போகுது."

எப்பவும் வாறதில்ல. பொழுது பட்டு, முழுசா இருளாத அந்த நேரம் மட்டும். முதல்ல புதுநெல்லு மணம் வரும். காருக்க ஒரு மணி நெல்லு இருக்காது, மணம் மட்டும் வரும். மறுகா கீழ றப்பர் பாயில நகம் படுற சத்தம். சரக்... சரக்... நிக்கும். திரும்பவும் சரக்...

ஹயர் குறைஞ்சுது. மறுகா இல்லாமப் போச்சு. ஆனா அழகரத்தினம் பயப்படல்ல. அதைக் கேட்ட நாள் மனிசன் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். "இன்னும் தேடுறா மச்சான்" எண்டு வினாயகமூர்த்திட கையைப் பிடிச்சு அழுதார்.

அண்டையில இருந்து பொழுது படக்குள்ள வெறும் காரோட படுவான்கரைக்குப் போய்க் கிறுகி வருவார். வாற வழியில தோளில தட்டு விழும். ரெண்டு விரல். இவர் சரீப் காக்கா செஞ்ச புதுக் கைபிடியைப் பின்னால நீட்டுவார். கையில இருந்து அதை எடுக்கிறது தெரியும். ஒரு கணம்... பிறகு அது பாயில விழும். டங். அது இல்ல. அவ தேடுறது அது இல்ல. திரும்பவும் சரக்... சரக்...

சொந்த மனிசி இருட்டுக்க தவழுறா. கேட்டுக்கொண்டு கார் ஓட்டவேணும். நினைச்சுப் பாருங்க.

மறுகா மாரி தொடங்கக்குள்ள, ட்ரைவர் சீட்டு றெக்சின் மாத்தக் காரைத் திரும்பவும் சரீப் காக்காட்டக் கொண்டுபோயிருக்கார். காக்கா சீட்டைக் கழட்டித் தலைகீழாப் போட்டுப் பழைய தும்பை இழுத்தார். தும்புக்க சிக்கி, ஸ்பிறிங்குக்க இறுகி... அந்தக் கைபிடி. அண்டைக்கு விழுந்தது கீழ போகல்ல. கிழிஞ்ச றெக்சினுக்க போயிருக்கு. அவட கைக்கு ஒரு சாண். அழகரத்தினம் இவ்வளவு நாளும் அதுக்கு மேல இருந்துதான் கார் ஓட்டியிருக்கார்.

சரீப் காக்கா அதைத் துடைச்சுக் கையில குடுத்தார். "கிடைச்சிட்டு தம்பி. அல்லாஹ்வுக்காக, குடுத்திருங்க அந்தப் பிள்ளைக்கு."

அழகரத்தினம் வாங்கினார். சட்டைப் பையில போட்டார்.

குடுக்கல்ல.

ஓம். குடுக்கல்ல. நீங்க முகத்தைச் சுழிக்கிறது தெரியுது. நானும் கேட்டாப்போல சுழிச்சன். பொழுது பட்டாக் காரை எடுப்பார். அவ தட்டுவா. இவர் கையைப் பின்னால நீட்ட மாட்டார். றோட்டைப் பாத்து ஓட்டுவார். அவ காத்துக்கொண்டு இருப்பா... மறுகா குனிஞ்சு தேடத் தொடங்குவா. பையில கைபிடி இருக்கு. மனிசன் வீட்ட வந்து காரைப் பூட்டிப்போட்டு, சோறு தின்னாமப் படுப்பார். அடுத்த நாளும் அதே. ஒரு மாரி முழுக்க.

சரீப் காக்காவுக்கு மனம் கேக்கல்ல. ஒரு நாள் மட்டக்களப்புக் கடைத்தெருவில வினாயகமூர்த்தியைக் கண்டு கேட்டிருக்கார். "அந்தப் பிள்ளைட சாமான் போய்ச் சேந்திட்டா?" வினாயகமூர்த்திக்கு ஒண்டும் விளங்கல்ல. காக்கா சொல்லி விளங்கினாப்போல அவனுக்குக் கண் சிவந்திட்டு.

அண்டைக்குப் பின்னேரம் அவன் கேக்காமலே காரில முன்சீட்டுல ஏறினான். படுவான்கரைக்குப் போய்க் கிறுகினாங்க. வெளிச்சம் மங்குது. புதுநெல்லு மணம்... வந்தது. வினாயகமூர்த்தி எனக்குச் சொன்னது, அது நெல்லு மணம் மட்டும் இல்லயாம். வட்டையில நிண்டு வந்தாத் தங்கச்சிட சீலையில வாற மணமாம்.

தட்டு விழுந்தது. அவன் கண்ணால கண்டான். மச்சான்ட தோளில சட்டை ரெண்டு இடத்தில அமுங்கினது. விரல் இல்ல. அமுங்கினது மட்டும்.

"பையில இருக்கிறத எடு" எண்டான்.

அழகரத்தினம் ஓட்டிக்கொண்டே இருந்தார்.

"என்ட தங்கச்சி அங்க முழங்காலில நிக்கிறாள். நீ அதைப் பையில வச்சுக்கொண்டு ஓட்டுறாய். நீயெல்லாம் மனிசனா?"

அப்பதான் கார் நிண்டது. நடு றோட்டு. ஒரு ஆள் இல்ல, ஒரு நாய் இல்ல.

"குடுத்தா அவ போயிடுவா மச்சான்" எண்டார் அழகரத்தினம். "எனக்கு இந்தத் தட்டு ஒண்டுதான் இருக்கு. ஒரு நாளைக்கு ஒருக்கா."

வினாயகமூர்த்திட கோவம் எல்லாம் அதோட போச்சு. பின்னால சரக்... சரக்... தேடத் தொடங்கிட்டா. ரெண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தாங்க. அது நிக்கவே இல்லயாம். களைச்சுப்போனவங்க தேடுற மாதிரி, விட்டு விட்டு... விட்டு விட்டு...

அழகரத்தினம் பையில கையை விட்டார். எடுத்தார். திரும்பிப் பாக்கல்ல. எப்பவும் போல கையைப் பின்னால நீட்டினார்.

சத்தம் நிண்டது.

கையில இருந்து எடுபட்டது. இந்த முறை அது விழல்ல. கொழுவுற சத்தம், டிக். மறுகா சுத்துற சத்தம். கிர்... கிர்... கிர்... இடப்பக்கக் கண்ணாடி மெல்ல மெல்ல இறங்கினது. வெளிக்காத்து உள்ளுக்க வந்தது. நெல்லு மணம் அந்தக் காத்தோட வெளிய போனது. வட்டைப் பக்கம்.

அவ்வளவுதான். அழகரத்தினம் கையைப் பின்னால நீட்டினபடியே இருந்தார். கண்ணாடி இறக்கினவங்க கைபிடியைத் திருப்பித் தரவேணும், அதுதானே அந்தக் கார்ப் பழக்கம். நல்லா இருண்டிட்டு. சென்றி மூடுற நேரமாச்சு. "வா மச்சான், போவம்" எண்டு வினாயகமூர்த்திதான் அவர்ட கையைப் பிடிச்சு முன்னால எடுத்தான். கை குளுந்து கிடந்ததாம்.

கைபிடி காரில இல்ல. கதவில இல்ல, கீழ இல்ல, எங்கயும் இல்ல. அதுக்குப் புறகு ஒரு நாளும் மணம் வரல்ல. நகச் சத்தம் வரல்ல. தட்டும் விழல்ல.

நல்ல காரியம்தானே நடந்தது? நீங்க அப்பிடித்தான் நினைப்பீங்க. வினாயகமூர்த்தியும் அப்பிடித்தான் நினைச்சான். ஆனா அழகரத்தினம் அதோட முடிஞ்சார். ஹயர் ஓடல்ல. காரை வீட்டு வளவுக்க விட்டு, பொழுது பட்டா ட்ரைவர் சீட்டுல ஏறி இருப்பார். இஞ்சினைப் போட மாட்டார். கையைப் பின்னால நீட்டிக்கொண்டு இருப்பார், உள்ளங்கை மேல பாக்க. கை நோகும்வரைக்கும். போய்க் கூப்பிட்டா வருவார், சொல்வழி கேக்கிற மனிசன். அடுத்த நாளும் போய் இருப்பார். அந்தக் கண்ணாடி திறந்தபடியே கிடந்தது. ஏத்த ஏலல்ல. எந்தக் கைபிடியும் அதுக்குப் பிடிக்கல்ல. மழைக்குச் சாக்கு ஒண்டைப் போட்டு மூடி வச்சிருந்தாங்க.

ரெண்டு வருசம் போயிருக்கும். காய்ச்சல் வந்து ஆசுபத்திரியில கிடந்து செத்துப் போனார். சித்திரை மாசம், வெயில் கொளுத்துது, நிலத்தில கால் வைக்கேலா. வினாயகமூர்த்தி சவத்தை வீட்ட கொண்டுவந்தான். பந்தலுக்கு இடம் காணாது, காரை ஓரமாத் தள்ளவேணும். காருக்கிட்டப் போனான்.

சாக்கு நிலத்தில கிடக்கு.

நாலு கதவும் பூட்டு. திறப்புக் கொத்து அவன்ட இடுப்பில. இடப்பக்கப் பின்கண்ணாடி மேல ஏறி, இறுக்க மூடிக் கிடக்கு. அந்த வெயிலுக்க மற்றக் கண்ணாடி எல்லாம் துடைச்ச மாதிரித் தெளிவு. அந்தக் கண்ணாடியில மட்டும், மாரிக் காலத்தில காருக்க இருந்து மூச்சு விட்டாப் பிடிக்குமே... அந்த மாதிரிப் புகார், ஈரப்படலம். உள் பக்கத்தில. அவன் விரலால வெளியால துடைச்சுப் பாத்தான், போகல்ல.

அந்த மூச்சுப் படலம் ரெண்டு இடத்தில இருந்தது. பக்கத்தில பக்கத்தில.